பிள்ளையை இன்குபேட்டர் பெட்டியில் வைக்கும்போது தாயையும் உள்ளே விடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மதுரை மாவட்டத்தில் பிரசவ வார்டும் பச்சிளம் குழந்தை வார்டும் நடத்துகிற அரசு, தனியார் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தாயையும் பிள்ளையையும் போய்ப் பார்ப்பது என்று என் வேலைக்காலம் முழுக்க இந்த ஊர்த் தெருக்களிலேயே கழிந்தது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மாதம் நிறையாமல், எடை குறைந்து பிறக்கிற பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது தாயையும் கூடவே கொண்டுபோங்கள். அந்தப் பிரிவுக்குள்ளேயே அவளுக்கு ஒரு கட்டில் போடுங்கள். பிள்ளை தேறட்டும், அப்புறம் மார்பில் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் கடத்த வேண்டாம். தானாக மூச்சு விடுகிற பிள்ளை என்றால் பிறந்த சிறிது நேரத்திலேயே தாயின் வெறும் மார்பில் ஏற்றிவிடுங்கள், ஒரு நாளில் பெரும்பகுதி அங்கேயே இருக்கட்டும். சிகிச்சை எல்லாம் அங்கே வைத்தே நடக்கட்டும்.

இது பாசத்துக்காகக் கேட்கிற சலுகை இல்லை. உயிர் காக்கிற சிகிச்சை என்று ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது. நிரூபித்து வருடங்களும் ஓடிவிட்டன.

இப்போது நடப்பதை வராண்டா பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அதைக் கதவுக்கு உள்ளேயிருந்துதான் பார்த்திருப்பீர்கள். குறைமாசப் பிள்ளை பிறந்ததும் துடைத்து, துணியில் சுற்றி, சிஸ்டர் வேகமாக உள்ளே கொண்டுபோய்விடுவார். "பெட்டியில வச்சிருக்காங்க" என்று வெளியே சேதி வரும். தாய் வேறு மாடியில் ஆபரேஷன் தையலோடு படுத்திருப்பாள். என் அக்கா மகளுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையில் அப்படித்தான் ஆனது. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான பெண் பிள்ளை. பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி என் அக்காதான் எடுத்துக்கொண்டு போவாள். கதவு பாதி திறக்கும், ஒரு கை கிண்ணத்தை வாங்கிக்கொள்ளும், கதவு சாத்திக்கொள்ளும். பிள்ளை குடித்ததா, கக்கியதா, எவ்வளவு குடித்தது என்று கேட்க ஆள் கிடையாது. கண்ணாடிக்கு வெளியே நின்று மாப்பிள்ளை போனில் எடுத்த படம் ஒன்றுதான் பெற்றவளுக்குப் பிள்ளை. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நெஞ்சில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது, அப்புறம் பால் வற்றியது. தையல் ஆறி எழுந்து நடந்த பிறகுதான் பிள்ளையைத் தொட விட்டார்கள். அன்றைக்கு அவள் கேட்ட கேள்வி, "சித்தி, இது என் பிள்ளைதானா?"

அந்தப் பிள்ளை பிழைத்து இன்று நன்றாக இருக்கிறது. பிழைக்க வைத்த டாக்டருக்கும் சிஸ்டர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தாய் வெளியே, பிள்ளை உள்ளே என்பதுதான் அங்கே விதி. மாற்றச் சொல்வது அந்த விதியை.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், நாட்டுக்கு ஒரு பெரிய மருத்துவமனை என்று எடுத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. நம் நாட்டில் அது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. பணக்கார நாட்டில் செய்து காட்டியதை இங்கே எப்படிச் செய்வது என்று கேட்க இடமில்லாத ஆய்வு. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை: பெட்டியில் வைத்து, தேறிய பிறகு தாயிடம் கொடுப்பது. இன்னொரு பாதிக்கு, பிறந்த உடனேயே தாயின் மார்பு. அதற்காகவே தாய்க்கும் கட்டில் போட்ட தீவிர சிகிச்சைப் பிரிவை உருவாக்கினார்கள். மூச்சுக்குத் துணை செய்கிற சி-பேப் குழாயும் நரம்பில் ஏற்றுகிற டிரிப்ஸும் அங்கேயே கொடுத்தார்கள்.

2021 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. முதல் 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 15.7, உடனே தாயோடு வைத்த பிரிவில் நூற்றுக்கு 12. நான்கு சாவில் ஒன்று தடுக்கப்பட்டிருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், 27 குழந்தைகளை இப்படி வைத்திருந்தால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், இனிமேலும் பாதிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது நியாயமாகாது என்று கண்காணிப்புக் குழு சொல்லி, ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். புது மருந்து கிடையாது, புது மிஷின் கிடையாது. மருந்துக் கம்பெனி ஏதாவது இப்படி ஒரு பலனைக் காட்டியிருந்தால் அந்த மருந்து இதற்குள் எல்லா வார்டிலும் வந்து இறங்கியிருக்கும்.

பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைக்கிற இந்தக் கங்காரு முறை உங்களுக்குப் புதிதில்லை என்பது எனக்குத் தெரியும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளை வைக்க வேண்டிய நெருக்கடியில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையை நெஞ்சில் கட்டிக் காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சொல்லித் தந்தது தேறிய பிள்ளைக்கு. உலக சுகாதார நிறுவனமும் அப்போது அப்படித்தான் சொல்லியது. ஐந்து நாட்டு ஆய்வில் வழக்கமான பிரிவிலும் பிள்ளைகளுக்குக் கங்காரு முறை கிடைத்தது, தாமதமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அங்கே தொடங்கவே இரண்டு நாளுக்கு மேல் ஆனது. மற்ற பிரிவில் ஒன்றேகால் மணி நேரத்தில் தொடங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்குத் தோலோடு தோல் இருந்த நேரம் உடனே தொடங்கிய பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 17 மணி, வழக்கமான சிகிச்சையில் ஒன்றரை மணி. உயிர் தப்பியதும் தப்பாததும் இந்த மணிக்கணக்கில் இருக்கிறது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. குறைமாசத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 மணி முதல் 24 மணி வரை, முடிந்த மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள் என்கிறது. நம் வார்டுகளில் நான் பார்த்தவரை இன்னும் பழைய விதிதான் ஓடுகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் அடுத்த தாய் காத்துக்கொண்டு நிற்பாள்.

ஏன் இது வேலை செய்கிறது என்று வீட்டுப் பெண்கள் கேட்டால் நான் குளிரில் இருந்து ஆரம்பிப்பேன். "மதுரை வெயில்ல பிள்ளைக்கு என்ன குளிரு?" என்று சித்திரை மாதத்தில் கேட்பார்கள். நமக்கு வியர்க்கிற அறையில் குறைமாசப் பிள்ளைக்குக் குளிர் எடுக்கும். அதன் தோல் மெல்லிசு. தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது கடைசி மாதங்களில்தான், இதற்கு அந்த மாதங்களே கிடைக்கவில்லை. நனைந்த உடம்போடு பிறந்து, மேலே ஃபேன் ஓடினால் நிமிடக் கணக்கில் சூடு இறங்கும். சூட்டைத் திரும்பப் பிடிக்க உடம்பில் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் பிராணவாயுவையும் செலவழிக்கும். அப்புறம் மூச்சு விடவே தெம்பு இருக்காது. புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தருவோம். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டும் சில்லென்றிருந்தால் ஆபத்து. தாயின் நெஞ்சில், இரண்டு மார்புக்கும் நடுவே, தலையை ஒரு பக்கம் திருப்பி, கைகால் மடங்கித் தவளை மாதிரி படுத்திருக்கிற பிள்ளைக்கு இந்தச் செலவு கிடையாது. தலையில் தொப்பி, காலில் சாக்ஸ், இடுப்பில் நாப்பி, மேலே ஒரு துணி, அது போதும். கழுத்து முன்னால் குனியாமல், மூக்கு அமுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சூடு பாதிக் கதைதான். அந்த ஆய்வில் உடம்பு குளிர்வது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, கிருமித்தொற்றுச் சந்தேகமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தாயை உள்ளே விட்டால் வெளியிலிருந்து கிருமியைக் கொண்டுவந்துவிடுவாள் என்பதுதான் நான் காலம் காலமாகக் கேட்ட காரணம். நடந்தது நேர்மாறு. பிள்ளையைக் கொல்கிற கிருமிகள் பெரும்பாலும் வார்டுக்குள்ளேயே, கைக்குக் கை போகிறவை. பல மருந்துக்குக் கட்டுப்படாதவையும் அதில் உண்டு. தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளையைத் தொடுகிற கைகளின் எண்ணிக்கை குறையும், தாயின் தோலில் இருக்கிற தீங்கில்லாத கிருமிகள் முதலில் குடியேறும், சீம்பாலும் நேரத்துக்குக் கிடைக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சிஸ்டர் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை மூச்சை நிறுத்தினால், மிஷின் கத்தித்தான் தெரியும். தாய்க்கு நெஞ்சிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு எதிரான ஆய்வும் இருக்கிறதே என்று உங்கள் டாக்டர்களில் யாராவது கேட்கலாம். இருக்கிறது. உகாண்டாவில் ஐந்து மருத்துவமனைகளில் 2,221 குழந்தைகளை வைத்து நடந்து, 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நிலை இன்னும் சீராகாத குழந்தைகளுக்கு உடனே தொடங்கியதில் இறப்பு குறைந்ததாக அங்கே தெரியவில்லை. அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. தீங்கும் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். என் பார்வையில் அந்த ஆய்வு நமக்குச் சொல்லும் பாடம் வேறு. அங்கே தாய்மாருக்குக் கிடைத்த மணி நேரம் ஐந்து நாட்டு ஆய்வில் கிடைத்ததன் பக்கத்தில்கூட வரவில்லை. கட்டிலும் கூட ஓர் ஆளும் கொடுக்காமல் "நெஞ்சில் வையுங்கள்" என்று உத்தரவு மட்டும் போட்டால் பலன் கிடைக்காது. அதனால்தான் சுற்றறிக்கை கேட்காமல் கட்டில் கேட்கிறேன்.

நம் மாநிலத்தின் நிலைமைக்கு இது இன்னும் பொருந்தும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வீட்டுப் பிரசவத்தை நிறுத்துவதே பெரும் பாடு. அந்த வேலை முடிந்துவிட்டது. குழந்தை இறப்பு விகிதம் 2020 கணக்கில் ஆயிரத்துக்கு 13 என்று இறங்கியிருக்கிறது, அப்போது நாட்டின் சராசரி 28. இந்தப் பெருமையில் எங்களைப் போன்ற செவிலியர்களுக்கும் பங்கு உண்டு. இனி மிச்சம் இருக்கிற சாவுகளில் பெரும்பகுதி முதல் மாதத்தில், குறைமாசத்திலும் குறைந்த எடையிலும் பிறந்த பிள்ளைகளிடம் இருக்கிறது. தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. வாசலுக்கு உள்ளே வந்த பிறகு அவளையும் பிள்ளையையும் எங்கே வைக்கிறோம் என்பதுதான் இனிக் கேள்வி.

அதே குடும்பநல ஆய்வு சொல்கிற இன்னொரு எண் 44.9. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் அத்தனை சிசேரியன். இதைக் குறைப்பது பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம், இப்போது அதற்குள் போகவில்லை. இப்போதைக்கு இதுதான்: நம் ஊரில் ஏறக்குறைய பாதித் தாய்மார் தையலோடு இருப்பார்கள் என்று தெரிந்தே திட்டம் போட வேண்டும். தையலோடு இருக்கிற தாயால் முதல் மணி நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா? தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டிலும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் முடியும். ஐந்து நாட்டு ஆய்வில் அறுவை சிகிச்சையில் பெற்ற தாய்மாரும் இருந்தார்கள். தாய் மயக்கத்தில் இருக்கும் நேரத்திலும், காய்ச்சலில் இருக்கும் நேரத்திலும் வேறு ஒருவர் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒருவர் நம் ஊரில் யார் என்று யோசிக்கவே வேண்டாம், அம்மாச்சி. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மருத்துவமனை மரத்தடியிலும் வராண்டாவிலும் பாய் விரித்துப் படுத்துக் கிடக்கிறவள். அவளை ஏதோ கூட்டம் என்று வாட்ச்மேன் விரட்டுகிறார். குளித்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி உடுத்தி உள்ளே வந்தால் அவளைப் போலப் பிள்ளை தூக்க யாருக்கு வரும்? அப்பன்மாரையும் விட வேண்டாம். வயலிலும் களத்திலும் சட்டையில்லாமல் நிற்கிற ஆண்கள், பிள்ளையை நெஞ்சில் வைக்க மட்டும் ஏன் கூச்சப்படுவார்கள்? ஒரு தடவை சிஸ்டர் கையால் எடுத்து வைத்துவிட்டால் அப்புறம் இறக்கிவிட மனசு வராது. பதினாறு நாள் தீட்டு என்று ஒதுங்குகிற மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் வாயால் ஒரு வார்த்தை, இது மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவர்களும் வருவார்கள். பெற்றவளுக்கு ஒரு பாஸ், உடன் இருக்கிறவருக்கு ஒரு பாஸ், இரவுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

என் மனதை மிகவும் அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மதுரைக்கு வருகிற குறைமாசப் பிள்ளைகள் எல்லாம் மதுரையில் பிறந்தவை இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், கொட்டாம்பட்டி என்று மாவட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும், தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கமிருந்தும் 108 வண்டியில் வந்து சேர்கின்றன. தாய் எங்கே? அறுவை சிகிச்சை முடிந்து பிறந்த ஊரிலேயே படுத்திருக்கிறாள். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பீய்ச்சின பாலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறவா முடியும்? அப்பன் மதுரையில், தாய் உசிலம்பட்டியில், பிள்ளை பெட்டியில். தாய்ப்பால் கிடைக்க வேண்டிய முதல் நாட்கள் இப்படியே போய்விடுகின்றன. இங்கே தேவைப்படுவது ஒரே ஓர் உத்தரவு. பிள்ளையை மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், தாயின் உடல்நிலை இடம் கொடுத்தால், அதே வண்டியிலோ அடுத்த வண்டியிலோ அவளும் வர வேண்டும். வந்த இடத்தில் அவளுக்கும் படுக்கை எண் வேண்டும். பிள்ளை மட்டும் நோயாளி, அவள் கூட வந்தவள் என்று பதிவு செய்தால் அவளுக்குச் சாப்பாடு கிடையாது, தையலைப் பார்க்க ஆள் கிடையாது, ரத்தப்போக்கு அதிகமானால் சொல்லக்கூட இடம் கிடையாது. பச்சை உடம்புக்காரி தரையில் உட்கார்ந்திருப்பாள். மகப்பேறு டாக்டர் தன் வார்டு விட்டு இறங்கிப் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கு வந்து அவளைப் பார்க்க வேண்டும். இரண்டு துறையும் பேசிக்கொள்ள வேண்டிய காரியம் இது. சஃப்தர்ஜங்கில் அப்படிப் பேசித்தான் செய்தார்கள்.

வண்டிக்குள்ளும் பிள்ளை நெஞ்சில் வரலாம். எடுத்துப்போகிற இன்குபேட்டர் இல்லாத வண்டியில், துணியில் சுற்றி மடியில் வைத்து 40 கிலோமீட்டர் கொண்டுவருவதைவிட, தாயோ அப்பனோ அம்மாச்சியோ தோலோடு தோலாக அணைத்துக்கொண்டு வருவது எவ்வளவோ நல்லது. 108 ஊழியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நிறைய நேரம் பிடிக்காது. மாதம் நிறையாமல் வலி வந்துவிட்டது என்று முன்பே தெரிந்தால், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் போட்டுத் தாயைப் பிரசவத்துக்கு முன்னாலேயே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

இடம் எங்கே இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இடத்தைப் பொறுத்தவரை, பிள்ளை உள்ளே இருக்கும் நாளெல்லாம் தாய்க்கு இன்னொரு வார்டில் எப்படியும் ஒரு படுக்கை கொடுக்கிறீர்கள். அந்தக் கட்டிலை இங்கே கொண்டுவர வேண்டும். எல்லாப் படுக்கைக்கும் ஒரே நாளில் முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் நான்கைந்து கட்டிலில் தொடங்கலாம். கட்டிலோடு மறைப்புத் திரை, பக்கத்திலேயே கழிப்பறை, குளிக்க வெந்நீர், முன்பக்கம் திறக்கிற நைட்டி, மூன்று வேளைச் சாப்பாடு. இது எதுவும் ஒரு வென்டிலேட்டர் விலைக்குப் பக்கத்தில் வராது. ஆளைப் பொறுத்தவரை நான் உங்களோடு சண்டை போடத் தயார். பச்சிளம் குழந்தைப் பிரிவில் செவிலியர் போதாது. தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக வேலை பார்க்கிற பெண்களை வைத்து இந்தப் பிரிவுகளை ஓட்டுகிறீர்கள். ஒரு தாய்க்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் அவள் பிள்ளைக்குப் பால் கொடுப்பதையும் துடைப்பதையும் அவளே செய்துகொள்வாள், செவிலியருக்குக் கொஞ்சம் கை ஓயும் என்பது உண்மை. அதைக் காட்டிச் செவிலியர் இடங்களைக் குறைத்துவிடாதீர்கள். குழாயோடு இருக்கிற பிள்ளையை நெஞ்சில் ஏற்றி இறக்க அனுபவமுள்ள கை வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாள் வாடகை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கும் இடங்களில், தாயோடு இருந்தால் பிள்ளை சீக்கிரம் தேறிவிடுமே என்று யாரும் தயங்க மாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டில் பச்சிளம் குழந்தை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும்போது, தாயை உள்ளே வைத்திருப்பதை அரசு ஒரு நிபந்தனையாக வைக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வேலை முடியவில்லை. ஹரியானாவில் ஃபரிதாபாத், பல்வல் மாவட்டங்களில் 8,402 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் லான்செட்டில் வந்தது. ஒன்றரை முதல் 2.25 கிலோ எடையில் பிறந்த குழந்தைகள், வீட்டிலேயே தாய் நெஞ்சில். என்னைப் போல ஊருக்குள் போய் வருகிற பெண்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் மாத இறப்பு 30 சதவீதம் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதிச் சொல்ல முடியாது. நம் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இதை முறையான வேலையாகக் கொடுங்கள். பிள்ளை இரண்டரைக் கிலோ வரும்வரை, அல்லது தானே நெளிந்து நெளிந்து வெளியே வரும்வரை வீட்டில் தொடர வேண்டும். எடை பார்க்க நல்ல தராசு வேண்டும். சேனை வைப்பது, கழுதைப்பால் ஊற்றுவது போன்றவற்றைப் பெரியவர்களின் மனம் நோகாமல் பேசி நிறுத்தும் பக்குவம் அவர்களுக்கு உண்டு. இரண்டு கிலோவுக்குக் கீழே, அல்லது 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும் என்பதும் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். கண் மருத்துவத்துக்குப் பேர் போன மதுரையில் ஒரு குறைமாசப் பிள்ளைகூட இந்தத் தேதி தவறிப் பார்வையை இழக்கக் கூடாது.

பிழைத்தால் போதும் என்பதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. பொகோட்டாவில் கங்காரு முறையில் வளர்ந்த பிள்ளைகளை இருபது வயதில் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், 2017-இல் அது வெளிவந்தது. பள்ளிக்கூடம் மட்டம் போடுவது அவர்களிடம் குறைவு, துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு என்று கண்டார்கள். மார்பில் கிடந்த சில வாரங்கள் வளர்ந்த பிள்ளையிடம் தெரிகிறது.

ஆகவே கேட்பது இதுதான். இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு பெரிய பிரிவிலும், தாலுகா மருத்துவமனை ஒன்றிலும் தாய்க்குக் கட்டில் போட்டுத் தொடங்குங்கள். எடை குறைந்து பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் கேஸ் சீட்டிலும் இரண்டு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: பிறந்து எத்தனை மணி நேரத்தில் மார்பில் வைத்தார்கள், அன்றைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் வைத்தார்கள். மாதம் ஒரு முறை அந்தக் கணக்கைப் பேர் இல்லாமல் வெளியே ஒட்டுங்கள். வராண்டாவில் நிற்கிறவர்களும் படிக்கட்டும்.

தாய்மாருக்கும் அம்மாச்சிமாருக்கும் பிள்ளையை எப்படி வைப்பது, கழுத்தை எப்படிப் பார்ப்பது, சங்கில் பாலை எப்படிப் புகட்டுவது என்று கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். சம்பளம் கேட்க மாட்டோம். பஸ் செலவும் ஓர் அடையாள அட்டையும் கொடுத்து, எந்த வார்டு, எந்த ஷிப்ட் என்று சொல்லுங்கள். வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்